எந்தப் பக்கம் என்று சொல்லாதவர்

அவர் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிப்பதற்காக எங்கள் ஊர்த் தமிழர்கள் முழுதாக மூன்று மாதங்களைச் செலவிட்டோம். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்த நாளில் தொடங்கி, வாக்கு எண்ணி முடிந்து கொஞ்ச நாள் வரைக்கும். அந்த முயற்சியில் நான் முன்னணியில் நின்றவன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் என்றால் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். ஒரு தேவாலயம், ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்று, ஒரு தமிழ்க்கடை, பழைய தபால் கந்தோர்க் கட்டடத்தில் ஒரு சிறிய நூலகம். இருபத்தொன்பது வருடமாக நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை. அவர் அந்த நூலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண், கலியாணம் செய்து வந்து, ஜெர்மன் படித்து, மூன்று வருட அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, நூலகத்தின் தகவல் மேசைக்கு வந்தவர். வயது நாற்பது இருக்கும். பிள்ளைகள் ‘லைப்ரரி அக்கா’ என்பார்கள், பெரியவர்கள் ‘நூலகத்துப் பிள்ளை’ என்பார்கள். உண்மைப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்து, ஊரை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து விடுவார்கள்.

அவர் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். தேர்தலுக்கு முன்பே அப்படித்தான். ஒரு தாய் இரண்டு ஜெர்மன் இலக்கணப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து எது நல்லது என்று கேட்டால், “இது நூற்றி எண்பது பக்கம், அது இருநூற்றிப் பத்து” என்பார். என் மனைவி துப்பறியும் கதைப் பைத்தியம். ஒருமுறை, “இது நல்லா இருக்குமோ? முடிவு எப்பிடி?” என்று கேட்டிருக்கிறாள். “முடிவு கடைசிப் பக்கத்தில இருக்கு அக்கா” என்று பதில் வந்ததாம். இதைப் பகிடியாகச் சொல்ல மாட்டார், முகத்தில் சிரிப்பு இராது. யாராவது விடாமல் கேட்டால் ஒரு வசனம் வைத்திருந்தார்.

“எந்த அலுமாரி எண்டு நான் சொல்லுவன். அதுக்குள்ள எது சரி எண்டு நீங்கள்தான் பாக்க வேணும்.”

தேர்தல் அறிவித்ததும் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி, தமிழர் தங்களுக்கென்று ஒரு வேட்பாளரை நிறுத்தி எல்லோரும் அவருக்கே வாக்களிக்க வேண்டும் என்றது. அதற்குத் தலைவர் தமிழ்க்கடை வைத்திருப்பவர். நாங்கள் கடைக்கார அண்ணை என்போம். மற்றப் பகுதி, தேர்தலையே புறக்கணிக்க வேண்டும் என்றது. அதற்குச் செயலாளர் நான். இரண்டு பகுதியிலும் இருந்த அத்தனை பேரும் ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தோம். ஆகவே அவர்கள் தங்களிடம் இல்லாத வாக்கை யாருக்குப் போடுவது என்று கூட்டம் வைத்தார்கள். நாங்கள் எங்களிடம் இல்லாத வாக்கைப் போடாமல் விடுவது எப்படி என்று கூட்டம் வைத்தோம். எங்கள் கூட்டம்தான் நீளம்.

கோயில் மண்டபத்தைக் கேட்டோம். அங்கே அரசியல் கூடாது என்று நிர்வாகசபை சொல்லிவிட்டது. நிர்வாகசபைக்குள்ளேயே மூன்று பக்கம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படித்தான் இரண்டு பகுதியும் நூலகத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை உண்டு. நூலக அட்டை உள்ள எவரும் டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் பதிந்து, பாவிக்கலாம்.

அவர் டெர்மின் புத்தகத்தைத் திறந்தார். எங்களுக்குச் சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு. கடைக்கார அண்ணையின் ஆட்களுக்குப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை.

“ஏன் நடுவில அரை மணித்தியாலம்?” என்று கேட்டேன்.

“காத்து மாற வேணும் அண்ணை.”

உண்மையிலேயே அந்த அரை மணித்தியாலத்தில் அவர் ஜன்னல்களைத் திறந்துவிடுவார். கதிரைகளை எண்ணுவார். வெள்ளைப் பலகையில் நாங்கள் எழுதியதைத் துடைப்பார். துடைத்துவிட்டுச் சரிந்து நின்று, ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து இன்னொருமுறை துடைப்பார். அறைக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எங்கள் ஆள் ஒருவர் ரோல்ஸ் பெட்டியை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டு போனபோது பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். போகும்போது திருப்பித் தந்தார். பின்னேரம் மற்றப் பகுதியின் பற்றிஸ் பெட்டியும் அதே மேசையில், அதே இடத்தில் இருந்ததாகக் கேள்வி.

வாசலில் ஒரு அறிவித்தல் பலகை இருந்தது. எந்தச் சங்கமும் ஒரு தாள் ஒட்டலாம். நாங்கள் ஒட்டினோம், மறுநாள் அவர்கள் எங்களுடையதை விட ஒரு சாண் மேலே ஒட்டினார்கள். அடுத்த நாள் பார்த்தால் அவர் அடிமட்டம் வைத்து இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்திருந்தார். நடுவில் யோகா வகுப்பு அறிவித்தலை ஒட்டியிருந்தார்.

நாங்கள் அவருடைய உடுப்பைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்புக் கம்பளிச்சட்டை போட்டு வந்தார். அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் செய்தி: அவர் சிவப்புக் கட்சி. வியாழக்கிழமை பச்சை. எங்கள் குழுவில் ஒரு மணித்தியாலம் வாதம் நடந்தது. பச்சைக் கட்சி அப்போது இரண்டாக உடைந்திருந்ததால், பச்சை என்றால் பழைய பச்சையா, புதிய பச்சையா என்று. இதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த கிழமை முதல் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதையும் அவர் போட்டு நான் காணவில்லை. சாம்பல் என்றால் அலட்சியம், மக்களைப் பற்றிக் கவலையில்லை என்று எங்கள் பொருளாளர் எழுதினார்.

பிறகு புத்தக மேசை. மாதம் ஒரு தலைப்பில் வாசலில் ஒரு மேசை நிறையப் புத்தகம் அடுக்குவது அந்த நூலகத்தின் வழக்கம். அந்த மாதம் காளான். நாங்கள் போய், எங்கள் நாட்டில் தேர்தல் நடக்கும் நேரத்தில் காளானா என்று கேட்டோம். மற்றப் பகுதியும் போய் அதையே கேட்டிருக்கிறது. அவர் தலைமையிடம் அனுமதி எடுத்து, காளான் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை போட்டார். இலங்கையைப் பற்றி அந்த நூலகத்தில் இருந்தவை மொத்தம் நான்கு: இரண்டு பயண வழிகாட்டிகள், ஒரு சமையல் புத்தகம், கடலாமைகளைப் பற்றி ஒரு சிறுவர் நூல்.

நான் பார்த்துவிட்டு நேரே மேசைக்குப் போனேன். “தங்கச்சி, அந்தப் புத்தகத்தின்ர அட்டையில புத்த விகாரை இருக்கு.”

“ஓம் அண்ணை.”

“அதை முன்னுக்கு வைக்கிறது சரியோ?”

“சமையல் புத்தகத்தை முன்னுக்கு வைக்கலாம். ஆனா அதின்ர அட்டையில இருக்கிறது பாற்சோறு. அதையும் நீங்கள் சிங்கள ஆக்களின்ர சாப்பாடு எண்டு சொல்லுவியள்.”

“அப்ப?”

“ஆமை இருக்கு” என்றார்.

தேர்தல் முடியும் வரை எங்கள் தாயகத்தின் பிரதிநிதியாக வாசலில் ஒரு கடலாமை இருந்தது.

இவ்வளவுக்கும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் ஒரு மதிப்புக்கூட இருந்தது. கோபம் வந்தது துண்டுப்பிரசுரத்தால்.

நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தை நூலகத்துப் பிரதி இயந்திரத்தில் பிரதி எடுத்தேன். எடுத்த பிரதிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூலப்பிரதியைக் கண்ணாடியிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்து நீட்டினார்.

“இது உங்கட. கண்ணாடியில இருந்தது.”

உள்ளே என் தாள். தலைப்பில் ஒரு எழுத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

“புறக்கணிப்போம் எண்டதுக்கு மூண்டு சுழி ‘ண’ வேணும் அண்ணை. நீங்கள் ரெண்டு சுழி போட்டிருக்கிறியள். அப்பிடிப் பாத்தா வெளியில பழம் பழுக்குது எண்ட மாதிரி வரும்.”

எனக்கு முகம் சுட்டது. “தங்கச்சி, அப்ப மிச்சமெல்லாம் சரியோ? கருத்து?”

“கருத்து உங்கட. எழுத்து எல்லாருக்கும் பொது.”

நான் வீட்டில் போய் எல்லாப் பிரதியையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எடுத்தேன். அவர் எங்கள் பிரசுரத்தைத் திருத்தித் தந்தார் என்று குழுவில் சொன்னேன். பொருளாளர் பழைய கருத்தை வாபஸ் வாங்கினார். அவர் எங்கள் பக்கம் என்பது முடிவாகி, ஒரு கிழமை நாங்கள் அவருக்குப் பெரிய புன்னகையுடன் வணக்கம் சொன்னோம்.

அந்தக் கிழமைக் கடைசியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கடைக்கார அண்ணையும் வந்திருந்தார். கையில் தட்டோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, தங்கள் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார்.

“வாசிச்சுப் பாரும். ஒரு பிழை கண்டுபிடிச்சா நான் கடையைப் பூட்டுறன். முதல்ல ‘வேட்பாளர்’ எண்டதுக்கு நடுவில ஒரு ‘ப்’ கூடப் போட்டிட்டம். நூலகத்துப் பிள்ளைதான் வட்டம் போட்டுக் காட்டினது. அது எங்கட பிள்ளை.”

என் கையில் இருந்த கேக் துண்டு அப்படியே நின்றது.

அன்றிரவே எங்கள் குழு கூடி, அவர் எதிர்த்தரப்பின் பிரசுரங்களைத் திருத்திக் கொடுக்கிறார், இது பக்கச்சார்பு, நூலகத் தலைமைக்கு முறைப்பாடு செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. எங்கள் பிரசுரத்தையும் அவர் திருத்தினார் என்று ஒருவர் நினைவூட்டினார். அது தன் பக்கத்தை மறைக்கத்தான் என்று இன்னொருவர் சொன்னார். எழுதுவது செயலாளரின் வேலை.

புதன்கிழமைப் பின்னேரங்களில் அவருக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே புதன்கிழமை போனேன். மேசையில் அவர்தான் இருந்தார். மற்றப் பெண்ணுக்குச் சுகமில்லையாம்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவர் பார்த்துவிட்டார். “என்ன அண்ணை வேணும்?”

“ஒரு… படிவம்.”

“என்ன படிவம்?”

“முறைப்பாடு.”

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான்கு கட்டம் இருந்தது. பேனையும் தந்தார். “முதல் கட்டத்தில உங்கட பெயர், விலாசம். ரெண்டாவதில எந்தச் சேவையைப் பற்றி. மூண்டாவதில ஆரைப் பற்றி எண்டா அந்தப் பணியாளரின்ர பெயர். நாலாவதில விபரம்.”

நான் மேசையின் ஓரத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் அவருடைய முதற்பெயரை மட்டும் எழுதினேன். முழுப்பெயர் எனக்குத் தெரியாது. நாலாவது கட்டத்தில் ஒரே வசனத்தில் நின்றுவிட்டேன். பக்கச்சார்பு என்பதற்கு ஜெர்மன் சொல் வரவில்லை. தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கால் மணித்தியாலம் அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்தார்.

“சொல் ஏதும் தேவையோ?”

“ஒரு பக்கமாச் சாயுறது… அதுக்கு என்ன?”

அவர் அகராதி ஒன்றை எடுத்துவந்து திறந்து வைத்தார். “மூண்டு சொல் இருக்கு. ஒண்டு, முதலே மனசில ஒரு முடிவோட இருக்கிறது. ஒண்டு, சொந்த ஆள் எண்டு பாக்கிறது. மற்றது ஒரு கட்சிப் பக்கம் நிக்கிறது, பார்ட்டைலிஷ்கைட். நீங்கள் எதைச் சொல்ல வாறியள்?”

“கடைசி.”

“அப்ப இந்தச் சொல்.” விரலால் காட்டினார். நான் பார்த்து எழுதினேன். எழுதி முடித்துத் தாளைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.

“என்ர பெயரை முழுசா எழுதுங்கோ அண்ணை. பிழையான கோப்புக்குப் போயிடும்.”

எழுத்தெழுத்தாகச் சொன்னார், நான் எழுதினேன். பிறகு திகதி முத்திரை குத்தி, பிரதி எடுத்து, பிரதியை எனக்குத் தந்தார். “ரெண்டு கிழமைக்குள்ள பதில் வரும்.”

பஸ்ஸில் இருந்து அந்தப் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஜெர்மனில் நான் எழுதிய கடிதங்களில் பிழையில்லாத ஒன்று அதுதான்.

பதில் இரண்டு கிழமைக்கு முதலே வந்தது. நூலகத் தலைவி நேரில் கதைக்க அழைத்திருந்தார். போனால் அறையில் கடைக்கார அண்ணையும் இருந்தார். தலைவி, ஓய்வுக்குக் கிட்ட வந்த ஒரு ஜெர்மன் பெண், இரண்டு தாள்களை எங்கள் முன்னால் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றது கடைக்கார அண்ணையுடையது. நான் சொன்னதையே அவரும் சொல்லியிருந்தார். பக்கம் மட்டும் மாறியிருந்தது. இரண்டிலும் அந்த நீளமான சொல் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

“அவர் உங்கள் இருவரில் யாருடைய பக்கம்?” என்று தலைவி கேட்டார்.

நான் கடைக்கார அண்ணையைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார்.

“இது எந்தத் தேர்தல்? நீங்கள் இருவரும் அதில் வாக்களிக்கிறீர்களா?”

“இல்லை” என்றார் கடைக்கார அண்ணை.

“இல்லை” என்றேன் நான். நான் சொன்ன ‘இல்லை’ ஒரு அரசியல் நிலைப்பாடு, அவர் சொன்னது வெறும் இயலாமை. அந்த வித்தியாசத்தை ஜெர்மனில் விளக்க எனக்குச் சொல் வரவில்லை.

தலைவி இரண்டு தாள்களையும் கோப்புக்குள் வைத்தார். பிறகு, நூலகத்துப் பிள்ளையின் ஒப்பந்தம் வருட முடிவில் முடிகிறது என்றும், நிரந்தரமாக்கும்படி தான் எழுதியிருந்ததாகவும், இரண்டு முறைப்பாடு கோப்பில் இருக்கும்போது ஆளணி அலுவலகம் அதைத் தொடாது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. காலநிலை சொல்வது போலச் சொன்னார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் இருவரும் நின்றோம்.

“நீர் எப்ப போனனீர்?” என்றார் கடைக்கார அண்ணை.

“புதன். நீங்கள்?”

“வியாழன்.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கும் அகராதியிலதான் காட்டினது” என்றார்.

பஸ் வந்தது. ஒரே பஸ்தான். அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால் இருந்தேன்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நூலகத்துப் பிள்ளை மேசையில் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. வேலையால் நிறுத்திவிட்டார்கள் என்று கதை பரவியது. என் மனைவி வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே ஒருத்தி சொல்லி முறைப்பாட்டுக் கதையை அறிந்து வந்தாள். வந்து கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

“நீங்கள்தானே எழுதினது?”

“குழுத் தீர்மானம்.”

“கை ஆற்ர கை?”

அவள் அன்று இரவு தன் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டு போய் மற்ற அறையில் படுத்தாள். முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றியது. ஆனால் தேர்தலுக்கு முதல் எடுத்தால் குழுவில் என்ன சொல்வார்கள் என்றும் தோன்றியது. தேர்தல் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

தேர்தல் எங்கள் இரண்டு பகுதியையும் கேட்காமலே நடந்து முடிந்தது.

முடிந்து நாலாம் நாள் அவர் மேசையில் இருந்தார். அதே சாம்பல் சட்டை. முகம் கொஞ்சம் வெயிலில் கறுத்திருந்தது. ஒரு பையனின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதிந்துகொண்டிருந்தார். இடது கையால் புத்தகத்தைப் பிடித்தபோது சுண்டுவிரல் நகத்தோடு கருநீலமாக மை.

அவரிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு விலாசத்தில், வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தது. அந்த ஊரிலேயே, இரண்டு பகுதியையும் கோயில் நிர்வாகசபையையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்தத் தேர்தலில் வாக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். விடுமுறை எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கிழமை நூலகத்தில் தமிழர் கூட்டம் அலைமோதியது. வாழ்க்கையில் புத்தகமே தொடாதவர்கள் ஆளுக்கொரு புத்தகம் இரவல் எடுத்தார்கள். எங்கள் பொருளாளர் முயல் வளர்ப்புப் பற்றி ஒன்று எடுத்தார். எல்லோரும் அவர் பதியும்போது விரலைப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கார அண்ணை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். நான் பின்னால் வரிசையில் நின்றேன்.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையும். ஆருக்குப் போட்டனீர்?”

அவர் தலை நிமிர்த்தாமல் திகதித் துண்டை அச்சடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். “நாலு கிழமையில கொண்டு வாங்கோ அண்ணை. வேற ஆரும் கேக்கேல்லை எண்டா நீடிக்கலாம்.”

ஒக்டோபர் கடைசியில் அவர் போகிறார் என்று மனைவி சொன்னாள். வேறொரு நகரத்து நூலகத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறதாம். அவருடைய கடைசிக்கு முதல் நாள் நான் போனேன். காலை நேரம், ஆட்கள் இல்லை.

“தங்கச்சி, அந்த முறைப்பாட்டை நான் திருப்பி எடுக்கலாமோ?”

“ஏலாது அண்ணை. பதிவு எண் விழுந்திட்டுது. மேலதிகமா ஒரு கடிதம் வைக்கலாம்.”

“என்ன எழுதுறது?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

“நீங்கள் போறது… அதாலயோ?”

“அதையும் நான் சொல்லக் கூடாது” என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மேசையில் இருந்து எடுக்கவில்லை.

எனக்குப் போகவும் மனம் இல்லை, நிற்கவும் முடியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. “கன நேரம் வரிசையில நிண்டனீங்களோ?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் யாருக்கு என்று அறியத் துடித்தார்களே தவிர, இதை ஒருவரும் கேட்கவில்லைப் போலும். முதல் தடவையாக அவர் நீளமாகக் கதைத்தார்.

“ஒரு மணித்தியாலம் இருக்கும். எங்கட பள்ளிக்கூடத்திலதான். முந்தி எனக்கு இருபத்திரண்டு வயசில ஒருக்கா வாக்கு வந்தது அண்ணை. முதல் வாக்கு. வெளிக்கிட்டு நிண்டனான், போக வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். அம்மா படலையைப் பூட்டிட்டா. பிறகு இஞ்ச வந்திட்டன். இந்த முறை அதே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனன். உள்ள போய் நிண்டா, வாக்குச் சீட்டு இவ்வளவு நீளம். எல்லாப் பேரையும் மேல இருந்து கீழ வாசிச்சன். திரும்ப வாசிச்சன். புள்ளடி போட கை வரேல்லை. எனக்கு இதுக்குள்ள ஒண்டைச் சொல்லிப் பழக்கம் இல்லையே. அங்க இருந்த உத்தியோகத்தர் கேட்டார், ‘பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதோ, உதவி வேணுமோ’ எண்டு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“ஆர் வேண்டாம் எண்டு சொன்னது, அப்ப?” என்று கேட்க வாய் வந்தது. நான் புறக்கணிப்புக் குழுவின் செயலாளர் என்பது நினைவுக்கு வந்து கேட்காமல் விட்டேன்.

“நான் ஒருக்காலும் வாக்குப் போட்டதில்லை” என்றேன். “பத்தொன்பது வயசில வெளிக்கிட்டது.”

“இஞ்சயோ?”

“இஞ்சயும்தான்.”

“அடுத்த ஞாயிறு நகரபிதாத் தேர்தல் இருக்கு. உங்களுக்கு வாக்கு இருக்குத்தானே அண்ணை?”

“ஓம்.”

“எனக்கு இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டு ரெண்டு வருஷம். இன்னும் டெர்மின் வரேல்லை” என்றார். பிறகு ஒரு கிழவி வந்து தையல் புத்தகம் கேட்க, அந்த அலுமாரியைக் காட்டப் போய்விட்டார்.

கடிதத்தை அன்றிரவு நானே எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. நான் எழுதிய முறைப்பாடு பிழையானது, அவர் யாருடைய பக்கமும் நிற்கவில்லை என்று இரண்டே வசனம். அதில் எத்தனை இலக்கணப் பிழை இருந்ததோ தெரியாது. கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று தலைவியிடமிருந்து ஒரு வரி வந்தது. அந்தக் கடிதத்தால் அவருக்கு ஏதும் நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாக்காளர் கடதாசியை எடுத்துக்கொண்டு மனைவியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் ஒவ்வொரு முறையும் போகிறவள். மறைப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டை விரித்தேன். இரண்டே இரண்டு பெயர். கொழும்பில் நின்ற அத்தனை வேட்பாளர்களின் பெயரையும், கட்சியையும், அவர்கள் எந்த வருடம் கட்சி மாறினார்கள் என்பதையும் நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். இந்த இரண்டு பேரில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. வெளியே மனைவி இருமினாள். மேலே இருந்த பெயருக்குப் புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை நூலகம் பூட்டு. செவ்வாய்க்கிழமை திறந்த உடனே போய், மேசையில் இருந்த புதுப்பெண்ணிடம் உள்ளூர்ப் பத்திரிகையை வாங்கி, ஜன்னலோரத்தில் இருந்து, நான் யாருக்கு வாக்களித்தேன் என்று அறிய முதலிலிருந்து வாசித்தேன்.